சித்திரை விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம்?

திருகோணமலை உறவுகளுக்கு வணக்கம். புத்தாண்டு விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து அக்காவின் பிள்ளைகள் வருகிறார்கள். மூத்தவனுக்கு 9 வயது, சின்னவளுக்கு 4. கூடவே முழங்கால் வலியோடு அம்மம்மா.

கோணேசர் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுவோம். கோட்டைக்குள் கையிலிருக்கும் பையையே மோந்து பார்க்கும் மான்களைக் கண்டால் சின்னவள் நகர மாட்டாள், அது வேறு கதை. கன்னியாவில் 7 வெந்நீர்க் கிணறுகளிலும் அள்ளி ஊற்றாமல் மூத்தவன் விடமாட்டான்.

என் குழப்பமெல்லாம் கடலில்தான். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குச் சின்னவளைப் படகில் ஏற்றலாமா? சிறுவர் அளவில் உயிர்காப்பு அங்கி கிடைக்குமா? இல்லையென்றால் மாபிள் பீச்சே போதுமா? அம்மம்மா உட்கார நிழல் எங்கே அதிகம்?

அண்மையில் போய்வந்த அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். மாலை நேர யோசனைகள் என்றால் இன்னும் நல்லது.