மடலின் கனம் எவ்வளவு என்று கேட்டேன்

கருவிழியை லேசரால் செதுக்கிக் கண்ணாடிப் பவரைச் சரிசெய்யும் லேசிக் சிகிச்சையைச் செய்துகொள்ளலாம் என்று பரிசோதனைக்குப் போனபோது, என் கருவிழியின் நடுப்பகுதி 520 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் என்று அறிக்கையில் வந்தது. பொதுவாக 540-ஐ ஒட்டி இருக்கும் என்பதால் அதை மிக மெல்லியது என்று சொல்ல முடியாது. ஆனால் என் பவர் மைனஸ் 6. அதைச் சரிசெய்ய லேசர் ஏறத்தாழ 85 மைக்ரான் திசுவைச் செதுக்கி எடுக்கும் என்ற மருத்துவர், அறிக்கையின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். செதுக்குவதற்கு முன் கருவிழியின் மேலடுக்கை, ஒரு பக்கம் மட்டும் கீல்போல் ஒட்டியிருக்க, மூடிபோல் வெட்டித் திறப்பார்கள்; அதுதான் மடல், அதாவது ஃப்ளாப். மைக்ரோகெரட்டோம் என்னும் பிளேடு கருவியால் அதை 160 மைக்ரான் கனத்தில் எடுத்தால் அடியில் 275 மிஞ்சும். பிளேடுக்குப் பதில் ஃபெம்டோ என்னும் லேசரால் 110-இல் எடுத்தால் 325 மிஞ்சும். மிச்சம் 250-க்குக் கீழே போனால் கருவிழி நாளடைவில் முன்தள்ளிப் புடைக்கக்கூடும் என்று சொல்லி, அந்த இரண்டு எண்களின் அடியிலும் கோடு போட்டார்.

பிளேடு எடுக்கும் மடல் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருக்கும் என்றும், கருவிழி அதிகம் குவிந்தவர்களுக்கு நடுவில் ஓட்டை விழவும், தட்டையானவர்களுக்குக் கீல் இல்லாமல் மடல் முழுதாகவே கழன்று வரவும் வாய்ப்புண்டு என்றும் விளக்கினார். ஃபெம்டோவில் கனம் ஏறக்குறைய ஒரே சீராக வரும். செலவு கூடுதல்தான், ஐம்பது மைக்ரானுக்கு இவ்வளவு பணமா என்று வீட்டில் கேட்டார்கள்.

சிகிச்சையன்று, கண்ணை அசையாமல் பிடிக்கும் உறிஞ்சு வளையம் அழுத்தியதும் பார்வை இருண்டது, வலியில்லை. செதுக்கல் முடிந்து, உப்புநீரால் கழுவி மடலைத் திரும்பப் படியவைத்தபோது, மழையில் நனைந்த பேருந்துக் கண்ணாடியை வெளியே நின்று யாரோ துடைப்பதுபோல், ஈரப்பஞ்சு கீல் பக்கத்திலிருந்து ஓரத்தை நோக்கி நகர்வதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். தையல் இல்லாத மடல் சுருக்கமின்றிப் படிய வேண்டும் என்பதால், லேசர் ஓடிய நேரத்தைவிட அதற்குத்தான் அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

இதைப் படித்த இன்னொருவர் எழுதியது: மேலே எழுதியவருக்குக் கிடைத்த விளக்கம் எனக்கு வாய்க்கவில்லை. 2006-இல் எனக்குப் பிளேடு முறைதான். வலக்கண்ணில் கருவி பாதிவழி வந்தபோது, நான் கண்ணை இறுக்கியதாலோ என்னவோ, வளையத்தின் பிடி விட்டுப்போய் மடல் அரைகுறையாக நின்றுவிட்டது. மருத்துவர் லேசரை இயக்கவில்லை. வெட்டிய பகுதியை அப்படியே பொருத்தி, மேலே ஒரு காண்டாக்ட் லென்ஸை வைத்து, இடக்கண்ணைத் தொடாமலே அனுப்பிவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த நிலையில் செதுக்கியிருந்தால் பார்வை கோணலாகியிருக்கும் என்பதைப் பின்னால் வேறொரு மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். சில மாதம் கழித்து, மடலே எடுக்காத பிஆர்கே முறையில் இரண்டு கண்களையும் சரிசெய்தார்கள். நான்கு நாள் எரிச்சலும் கூச்சமும் படுத்தி எடுத்தன. இடக்கண்ணைப் பொறுத்தவரை, கைப்பந்து முகத்தில் பட்டாலும் நகர்ந்துபோக அங்கே மடல் ஏதும் இல்லை.