மூன்றாம் செட்டரை விற்றுவிடலாமா?

வாட்ஸ்அப் குழு: பல்லடம் வீடு (கோழிக்குஞ்சுப் பொரிப்பகம் நடத்தும் குடும்பம்; செட்டர் என்பது முட்டைகளை அடைகாக்கும் இயந்திரம்)

சித்தப்பா: அண்ணா, இந்த வாரமும் மூன்றாம் செட்டர் ஏமாற்றிவிட்டது. 100 முட்டைக்கு 76 குஞ்சு. மற்ற இரண்டும் 84ஐத் தாண்டிவிட்டன. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கிவிடலாம்.

அப்பா: விலை கேட்டாயா?

சித்தப்பா: கேட்டேன். நேரில் சொல்கிறேன், அண்ணி பயந்துவிடுவார்.

அம்மா: அண்ணியும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் தம்பி.

நித்யா: சித்தப்பா, கொஞ்சம் பொறுங்கள். பொங்கல் முதல் உள்ள பதிவேட்டை எக்செல்லில் ஏற்றிவிட்டேன். செட்டர் வாரியாகப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் முட்டை எத்தனை நாள் குளிர் அறையில் கிடந்தது என்று பாருங்கள். மூன்றாவதற்குப் போனவை பெரும்பாலும் 8, 9 நாள் முட்டைகள். அதுவும் 58 வாரம் தாண்டிய தாய்க்கோழிகள் இட்டவை.

சித்தப்பா: மிஞ்சுவது கடைசியாக அதில்தானே போகும்? எப்போதும் அப்படித்தான்.

நித்யா: அங்கேதான் சிக்கல். 7 நாளுக்கு மேல் வைத்தாலே பொரிப்பு குறையும், வயதான கோழியின் முட்டை இன்னும் சீக்கிரம் கெடும். ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைகளை மட்டும் ஒப்பிட்டால் மூன்று செட்டரும் ஏறத்தாழ ஒன்றாக நிற்கின்றன. ஆனால் மூன்றாவதில் அப்படி வைத்தது சில தடவைதான். இதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அத்தை: அடைக்கு வைத்த காலத்தில் கூமுட்டையைத் தண்ணீரில் போட்டே கண்டுபிடிப்போம். இதற்கு எக்செல்லா?

நித்யா: பொரிக்காததை உடைத்தும் பார்க்க வேண்டும் அத்தை. கருவே இல்லையென்றால் பண்ணையில் சேவலைக் கவனிக்க வேண்டும். முதல் வாரத்திலேயே கரு செத்திருந்தால் முதல் சந்தேகம் சேமிப்பின் மேல். முழுக் குஞ்சாகி ஓட்டுக்குள் செத்திருந்தால் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம் என்று இயந்திரத்தைக் குடைவோம்.

அம்மா: எங்கே வேண்டுமானாலும் உடையுங்கள், என் வாசலில் வேண்டாம்.

நித்யா: இன்னொன்று சித்தப்பா. அடுக்கும்போது ஒரு தட்டை எடை போடுங்கள், 18ஆம் நாள், குஞ்சு வெளிவரும் இயந்திரமான ஹேச்சருக்கு மாற்றும்போது மறுபடியும். தட்டின் எடையைக் கழித்துவிட்டு, முட்டை எடை 11, 12 சதவீதம் குறைந்திருந்தால் ஈரப்பதத்தில் பெரிய குறையில்லை.

சித்தப்பா: உன் எக்செல்லில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாவதன் கதவு ரப்பர் ஓர் ஓரத்தில் கிழிந்திருக்கிறது.

நித்யா: எப்போதிலிருந்து?

சித்தப்பா: யார் குறித்து வைத்தார்கள்?

அப்பா: முதலில் ரப்பரை மாற்று. திங்கட்கிழமை வரும் முட்டையில் ஒரே பண்ணை, ஒரே நாள் முட்டையாக எடுத்து மூன்றிலும் பிரித்து வைக்கலாம். 21 நாள் கழித்து விலை பேசுவோம்.

சித்தப்பா: சரி அண்ணா. தட்டுகளில் பண்ணையும் தேதியும் எழுதச் சொல்கிறேன். நித்யா, பழுது பார்த்த தேதிக்கும் ஒரு பத்தி சேர்த்துவிடு.