புதுப்பிப்பு: அப்பாவுக்கு டயாலிசிஸ்க்கு வழி கெடைச்சிட்டு

அப்பாவுக்கு டயாலிசிஸ் ஊசி போட ரெண்டு கையிலயும் ரத்தக்குழாய இணைச்சி வச்ச பிஸ்டுலா அடைச்சிட்டு, கழுத்துல மாத்தி மாத்தி கதீட்டர்ங்குற குழாய் போட்டதுல நெஞ்சுப் பக்கத்து பெரிய ரத்தக்குழாயும் சுருங்கிட்டு, இனி என்ன செய்யன்னு போன மாசம் கேட்டிருந்தேம்லா. பாளையங்கோட்டையில வேற டாக்டரப் பாத்தோம். அவுக பொறுமையா படம் போட்டு வெளக்குனாவ. தொடையில கிராஃப்ட், அதான் செயற்கை ரத்தக்குழாய் வைக்கலாம், தொடை வழியாவே தோலுக்கு அடியில கொண்டு போற டனல் கதீட்டரும் போடலாம், அதுவும் முடியலன்னா முதுகு வழியாவோ ஈரல் வழியாவோ பெரிய சிரைக்குள்ள குழாய் விடலாமாம், ஆனா அதெல்லாம் கடைசி வழி, அடைப்பும் கிருமியும் சீக்கிரம் வரும்னாவ.

அப்பாவுக்கு முன்னால வயித்துல ஆபரேஷன் எதுவும் இல்லாததால வயித்து டயாலிசிஸ், அதான் சிஏபிடி, அதுக்கே போயிட்டோம். இதுக்கு ரத்தக்குழாயே வேண்டாம்! வயித்துல சின்ன குழாய் வச்சி, புண்ணு ஆற ரெண்டு வாரம் விட்டு ஆரம்பிச்சோம். வயித்துக்குள்ள விட்டு எடுக்குற டயாலிசிஸ் தண்ணி 2 லிட்டர் பை, ஒரு நாளைக்கு 4 தடவ, வீட்லயே அம்மாதான் மாத்துதா. மாத்தும்போது ஃபேன அமத்தி, கதவ சாத்தி, கைய நல்லா சோப்பு போட்டு கழுவி, மாஸ்க் போட்டுதான் தொடுவா. வயித்துலருந்து வெளிய வர்ற தண்ணி கலங்கலா இருந்தா கிருமி வந்திருக்கலாம், ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும், இத மட்டும் யாரும் அசட்டையா விட்றாதிய. புரதம் அதுல போயிருதுன்னு முட்டை வெள்ளக்கரு சேக்கச் சொல்லிருக்காவ.

நேத்து சாயங்காலம் அப்பா வாசல்ல சேர் போட்டு பேப்பர் படிச்சாவ.