ஸ்னாப்ஷாட்டுக்கு ‘உடனடிக் காப்பு’ என்ற சொல்லைக் கைவிடுவோம்

ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஒரு கணினியின் டிஸ்க் அந்தக் கணத்தில் இருந்த நிலையை, பிறகு அதற்கே திரும்ப வசதியாகக் குறித்துவைப்பது ஸ்னாப்ஷாட். எங்கள் அலுவலக மெயில் சர்வர் கையேட்டில் அதற்கு ‘உடனடிக் காப்பு’ என்று எழுதியவன் நான்தான். இந்தக் கலைச்சொல் குழுவில் கேட்காமல் நானே முடிவுசெய்த சொல். அதை மாற்ற உங்கள் உதவி வேண்டும். எதனால் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மென்பொருளைப் புதுப்பிப்பதற்கு முன் அந்த சர்வர் ஓடும் விஎம்மில் (மெய்நிகர் கணினியில்) ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தோம். வேலை நல்லபடியாக முடிந்தது. ஸ்னாப்ஷாட்டை நீக்க மறந்துவிட்டோம். திங்கள் காலை வெப்மெயில் பக்கம் திறக்கவில்லை. பணியில் இருந்த தம்பி கையேட்டைப் பிரித்தார். ‘பழுது நேர்ந்தால் உடனடிக் காப்பிலிருந்து மீட்கவும்’ என்று இருந்தது. எழுதியிருந்தபடியே செய்தார். பக்கம் திறந்தது, வெள்ளி இரவு முதல் வந்த மடல்கள் ஒன்றுகூட இல்லை.

சர்வர் செய்வதையெல்லாம் வரி வரியாகக் குறித்துவைக்கும் லாகைப் பார்க்கலாம் என்றால், அதுவும் அதே டிஸ்க்கில்தானே இருக்கிறது? டிஸ்க் வெள்ளிக்கிழமைக்குத் திரும்பியபோது லாகும் கூடவே திரும்பிவிட்டது. சனி, ஞாயிறு என இரண்டு நாள் இருந்ததற்கே அந்தக் கணினியில் சுவடில்லை. நல்லவேளையாக லாக் வரிகளை ஆர்சிஸ்லாக் என்ற மென்பொருள் வழியாக வேறொரு கணினிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தோம். அதிலிருந்து அனுப்பியவர், பெறுநர், மடல் அடையாள எண் மூன்றையும் பிரித்தெடுத்து அச்சடித்தோம். பதினோரு பக்கம் வந்தது. மடலின் தலைப்பை போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் இயல்பாக லாகில் எழுதாது என்பதால், எது அவசரம் எது விளம்பரம் என்று தெரியவில்லை. ஒவ்வொருவருக்கும் ‘தயவுசெய்து மறுபடி அனுப்புங்கள்’ என்று எழுதினோம். தானியங்கியாக வந்தவற்றுக்கு யாரிடம் கேட்பது? கணக்குப் பிரிவில் ஒருவர் ஞாயிறு மாலை வீட்டில் மடல்களைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடி வைத்திருந்தார். அதை நெட்டில் சேர்க்காமலே திறக்கச் சொல்லி, உள்ளே சேமித்திருந்த மடல்களை முதலில் வெளியே எடுத்தோம். சேர்த்திருந்தால், அவர் மடல் படிக்கும் தண்டர்பேர்ட் மென்பொருள் சர்வரைப் பார்த்து அவற்றையும் அழித்திருக்கும்.

அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். ‘காப்பு’ என்று எழுதியிருந்ததை நம்பினார். தமிழில் அது எளிய சொல் இல்லை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறோம், நூலின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் பாடுகிறோம். கெடுதல் வராது என்ற உறுதி அதற்குள் இருக்கிறது. ஸ்னாப்ஷாட்டில் அந்த உறுதி கிடையாது. விஎம்களை இயக்கும் மென்பொருளான விஎம்வேரில் ஸ்னாப்ஷாட் எடுத்தால் பழைய டிஸ்க் கோப்பு அப்படியே உறைந்து நிற்கும். அதன் பிறகு எழுதப்படுவதெல்லாம் பக்கத்தில் ஒரு தனிக் கோப்பில் சேரும். உறைந்த கோப்பு கெட்டால் பக்கத்துக் கோப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டும் ஒரே சேமிப்பகத்தில்தான் இருக்கின்றன. இதை பேக்கப்பாகக் கருதாதீர்கள், ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள் என்று விஎம்வேரை உருவாக்கியவர்களே அறிவுறுத்துகிறார்கள்.

மெயில் சர்வரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அனுப்பும் சர்வர் மடலைக் கொடுத்து முடித்ததும் நம் சர்வர் 250 என்று பதில் சொல்லும். ‘பெற்றுக்கொண்டேன், இனி என் பொறுப்பு’ என்று அதற்குப் பொருள். அதைக் கேட்டதும் அந்தப் பக்கம் தன் வரிசையிலிருந்து மடலை நீக்கிவிடும். நம் சர்வர் இரண்டு நாள் அணைந்தே கிடந்திருந்தால்கூட இத்தனை இழப்பு இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் போன்றவை இயல்பாக 5 நாள் வரை மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். 250 சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமைக்குத் திரும்பியதுதான் வினையாகிவிட்டது.

ஆகவே பேக்கப்புக்கு ‘காப்புப்படி’. ஏடுகளைப் படியெடுத்த மரபு நமக்கு இருக்கிறது. வேறிடத்தில் இருக்கும் முழுப் பிரதி என்ற பொருள் ‘படி’யிலேயே வந்துவிடும். ஸ்னாப்ஷாட்டுக்கு ‘நிலைக்குறி’. கிணற்றுச் சுவரில் நீர்மட்டத்துக்குக் கோடு போடுவதைப் போல, அந்த இடத்திலேயே இடும் அடையாளம். கிணறு இடிந்தால் கோடும் போய்விடும்.

இன்னொரு சொல்லும் உண்டு. லாக் கோப்பு பெருத்துவிடாமல் அவ்வப்போது புதுக் கோப்பு தொடங்கும் லாக் ரொடேஷனைப் ‘பதிகைச் சுழற்சி’ என்று சிலர் எழுதுகிறார்கள். ‘பதிகை’ எனக்குச் சம்மதம், ‘புகுபதிகை’ (லாகின்) வழியாகப் பழகிவிட்டது. ஆனால் சுழல்வது சுற்றி வரும். இங்கே எதுவும் திரும்பி வருவதில்லை. நடப்புக் கோப்பு 1 ஆகிறது, 1 என்பது 2 ஆகிறது, கடைசிக் கோப்பு அழிகிறது. ‘ஏடு மாற்றல்’ போதும்.

அன்புடன்.

* * *

மடல் எழுதிய தம்பிக்கு,

நடந்ததைப் படித்து வருந்தினேன். ‘காப்புப்படி’, ‘ஏடு மாற்றல்’ இரண்டையும் மனமார ஏற்கிறேன். ‘நிலைக்குறி’யில் ஒரு தடை இருக்கிறது. கைபேசித் திரையின் மேல் ஓரத்தில் பேட்டரி, சிக்னல் எல்லாம் காட்டும் சின்னங்களை நிலைக்குறி என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். உங்கள் கையேட்டில் ‘நிலைக்குறியைப் பார்க்கவும்’ என்று வந்தால் படிப்பவர் திரையில் பச்சை விளக்கைத் தேடுவார்.

‘நொடிப்படம்’ என்று சிலர் ஏற்கெனவே எழுதுகிறார்கள். வழக்கில் இருப்பதை விட்டுப் புதிதாக ஒன்று வேண்டுமா? சுருக்கமாகவும் இருக்கிறதே.

* * *

ஐயா,

பச்சை விளக்கு எனக்குத் தோன்றவே இல்லை. ‘நிலைக்குறி’யை விட்டுவிடுகிறேன்.

‘நொடிப்படம்’ அழகான சொல்தான். ஆனால் படம் என்றதும் தனியாகக் கையில் எடுத்துப் போகக்கூடிய ஒன்று நினைவுக்கு வருகிறது. வீடு எரிந்தாலும் பெரியம்மா வீட்டில் ஒரு பிரதி இருக்கும் என்ற எண்ணம் வந்துவிடும். எங்கள் தம்பியைத் தவறு செய்ய வைத்தது அந்த எண்ணம்தான். சேமிப்பகத்தோடு சேர்ந்து சாகும் ஒன்றுக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்றுதான் மன்றாடுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே எழுதும் அக்கா தனிமடலில் ‘மீள்குறி’ என்று ஒரு சொல் அனுப்பினார். ‘மீள்குடியேற்றம்’ என்ற சொல்லோடு வாழ்பவர்களுக்கு ‘மீள்’ என்ன சொல்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை என்றார். மீள்பார்வை போல வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. ‘மீட்குறி’ என்றும் திரியாது. மீள்குறி இடு, மீள்குறியை நீக்கு, மீள்குறிக்குத் திரும்பு என்று வினைகளோடு தடையில்லாமல் சேர்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. திரும்பிப் போகிறோம் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘மீள்குறிக்குத் திரும்பு’ என்று படிப்பவர், ‘அப்படியானால் இடையில் வந்தது என்ன ஆகும்?’ என்று ஒரு கணமாவது நின்று கேட்பார்.

உங்களுக்குச் சம்மதம் என்றால் கையேட்டின் அந்தப் பக்கத்தை இப்படி மாற்றுகிறேன்:

‘புதுப்பிக்கும் முன் மீள்குறி இடவும். வேலை முடிந்து சரிபார்த்ததும் அன்றே நீக்கவும். மடல்கள் வரத் தொடங்கிய பிறகு மீள்குறிக்குத் திரும்பக் கூடாது. பழுது நேர்ந்தால், வேறு கணினியில் உள்ள காப்புப்படியைத் தனி விஎம்மில் ஏற்றி, வேண்டியதை மட்டும் எடுக்கவும். பதிகைகள் வெளிக் கணினிக்குப் போய்ச் சேர்கின்றனவா என்று வாரந்தோறும் திறந்து பார்க்கவும்.’

ஒற்றுப்பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள் ஐயா. திங்களன்று அந்தத் தம்பியையே முதலில் படிக்கச் சொல்கிறேன்.