வார்த்த நாஃபியான் ஃபிலிம் கரைந்துபோகிறது: எவ்வளவு சூடு தர வேண்டும்?

மீரா_எம்டெக்:
வணக்கம். நாஃபியான் (எரிபொருள் கலங்களில் புரோட்டானைக் கடத்தும் சவ்வாகப் பயன்படும் பாலிமர்) திரவத்தில் கலந்திருக்கும் 5 சதவீத டிஸ்பர்ஷனைப் பெட்ரி டிஷ்ஷில் ஊற்றி, 60 டிகிரியில் ராத்திரி முழுக்க உலர்த்துகிறேன். காலையில் பார்த்தால் வறண்ட ஏரி மாதிரி பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. ஒரு துண்டை ஆல்கஹால் கலந்த தண்ணீரில் போட்டால் கொழகொழவென்று ஆகி, கரைந்தே போகிறது. கடையில் வாங்கிய நாஃபியான் 117 தாளோ கொதிநீரிலும் அப்படியே இருக்கிறது. இரண்டும் ஒரே பாலிமர்தானே?

சவ்வுக்காரர்:
பாலிமர் ஒன்றுதான் மீரா, சங்கிலிகள் அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. நாஃபியானின் முதுகெலும்பு டெஃப்லான் வகை. அதில் ஒரு சிறு பங்கு படிகமாகும். அந்தப் படிகங்கள்தான் சவ்வைக் கரையவிடாமல் பிடித்து வைக்கின்றன. 117 உருக்கித் தாளாக இழுக்கப்படுவது, அதனால் படிகம் வந்துவிடுகிறது. அமில வடிவத்தில், அதாவது பக்கத் தொகுதிகள் சல்ஃபோனிக் அமிலமாக இருக்கும் நிலையில், சங்கிலிகள் நன்றாக இளகுவது சுமார் 100 டிகிரிக்கு மேல்தான். உங்கள் 60 டிகிரியில் ஆல்கஹால் பறந்துவிடும், சங்கிலி நகராது.

1986இல் மூர், மார்ட்டின் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு வழி காட்டிவிட்டார்கள்: கொதிநிலை அதிகமான கரைப்பானில், அதிக சூட்டில் வார்ப்பது. ஆல்கஹாலை ஓட்டிவிட்டு, அப்படியொரு கரைப்பானான டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்ஃபாக்ஸைடு) சேருங்கள். ஃப்யூம் ஹுட்டுக்குள் 80 டிகிரியில் மெதுவாக உலர்த்துங்கள், அப்புறம் வேக்கம் ஓவனில் 140 டிகிரி, இரண்டு மணி நேரம். ஓவனை அணைத்து உள்ளேயே ஆறவிடுங்கள். பிறகு கத்தி வேண்டாம். டிஷ்ஷில் தண்ணீர் ஊற்றினால் ஓரம் தானே எழும்பும், விரலால் உரித்துவிடலாம்.

மீரா_எம்டெக்:
நன்றி சார். 200 டிகிரி வரை ஏற்றினால் படிகம் இன்னும் கூடுமா?

சவ்வுக்காரர்:
அமில வடிவத்தில் வேண்டாம். மிச்சக் கரைப்பான் அமிலத்தோடு சேர்ந்து வெந்து ஃபிலிம் பழுப்பாகிவிடும். இன்னும் ஏற்றினால் சல்ஃபோனிக் தொகுதிகளே உதிரத் தொடங்கும், புரோட்டானைக் கடத்துவதே அவைதான். அவ்வளவு சூடு வேண்டுமென்றால் முதலில் சோடியம் வடிவத்துக்கு (அமிலத்தின் ஹைட்ரஜன் இடத்தில் சோடியம்) மாற்றுங்கள், அது நன்றாகத் தாங்கும். முடிந்ததும் 0.5 மோலார் கந்தக அமிலத்தில் காய்ச்சி அமில வடிவத்துக்குத் திருப்பிவிடலாம்.

ஹாட்பிரஸ்_குமார்:
ஒன்று சேர்க்கிறேன். சூடு ஏற ஏற வலு கூடும், வீக்கம் குறையும். ஆனால் சவ்வு குடிக்கும் தண்ணீரும் குறையும். கொதிநீரில் ஊறிய 117இல் ஒரு சல்ஃபோனிக் தொகுதிக்குச் சுமார் 22 நீர் மூலக்கூறு. அதையே 105 டிகிரியில் வேக்கத்தில் உலர்த்தி, அறை வெப்பநிலைத் தண்ணீரில் போட்டால் 12 முதல் 14 வரைதான் ஏறும். கடத்துதிறனும் கூடவே இறங்கும். எலெக்ட்ரோடை ஒட்ட 130 டிகிரியில் ஹாட் பிரஸ் செய்யும்போதும் சவ்வு காய்ந்து சுருங்குகிறது. மறுபடி கொதிநீரில் போட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும். அதனால் எந்தச் சூட்டில் உலர்த்தினார்கள் என்று சொல்லாத நீரேற்ற எண்ணை நான் நம்புவதே இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் அனீலிங் (ஃபிலிமைச் சூட்டில் வைத்துப் பதப்படுத்துவது) சூடு, நேரம், ஊறவைத்த தண்ணீரின் வெப்பநிலை மூன்றையும் எழுதிவிடுங்கள்.

மீரா_எம்டெக்:
சரி சார். 120, 140, 160 என மூன்று டிஷ் தனித்தனியாக வைத்து, ஒவ்வொன்றையும் கொதிக்க வைப்பதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்கிறேன்.