விளையாட்டுச் சீண்டலா, துன்புறுத்தலா: எப்படிப் பிரித்தறிவது?

இருபிள்ளைத்தாய்:
என் மூத்த மகனுக்குப் பத்து வயது. இரண்டு மாதங்களாகப் பள்ளி விட்டு வந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடுகிறான். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் அப்படியே திரும்பி வருகிறது. ஜாமெட்ரி பாக்ஸ் இரண்டு முறை தொலைந்துவிட்டது. நண்பர்கள் நால்வர் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிக் கேட்டால், "சும்மா விளையாட்டுக்குத்தான்மா" என்று சிரிக்கிறான். வகுப்பாசிரியரோ, ஐவரும் எப்போதும் ஒன்றாகவே இருக்கிறார்கள், அவனும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான் என்கிறார். பையன்கள் என்றால் அப்படித்தான் இருப்பார்கள் என்பது என் கணவரின் கருத்து. நான்தான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
உங்கள் பயம் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை, அம்மா. 1970களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளிடையே நடக்கும் துன்புறுத்தலை ஆராய்ந்த டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர் அதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, இரு தரப்புக்கும் இடையே பலம் சமமாக இல்லாதிருப்பது. முதல் இரண்டையும் எளிதில் கவனித்துவிடுகிறோம். கோட்டை விடுவது மூன்றாவதில்தான். பலம் என்றவுடன் உடம்பைப் பார்க்கிறோம். ஆனால் எண்ணிக்கையும் பலம், வகுப்பில் உள்ள செல்வாக்கும் பலம், ஒருவனுடைய திக்குவாயோ பயமோ மற்றவனுக்குத் தெரிந்திருப்பதும் பலமே.

சிரிப்பை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அழுதால் இன்னும் அதிகமாகச் சீண்டுவார்கள் என்பதைக் குழந்தைகள் மிக விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். கூட்டத்தை விட்டுப் போனால் தனியாக நிற்க வேண்டுமே என்ற அச்சமும் அவர்களைச் சிரிக்க வைக்கும். நான் பார்ப்பது இரண்டைத்தான்: "போதும்" என்று அவன் சொன்னால் நிற்கிறதா, சீண்டல் எப்போதாவது எதிர்த்திசையிலும் போகிறதா? நண்பர்களுக்குள் கேலி என்றால் இன்று இவன், நாளை அவன் என்று முறை மாறிக்கொண்டிருக்கும்.

நானே ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். இரண்டு மாணவர்களுக்குள் சண்டை என்று எண்ணிக் கைகுலுக்க வைத்து அனுப்பினேன். அது சண்டையே அன்று. ஒருவன் அடிப்பவன், மற்றவன் வாங்குபவன். ஆசிரியரே சமரசம் செய்துவிட்டதால் வாங்கியவன் அதன்பிறகு என்னிடம் வாயே திறக்கவில்லை.

மகளின் அப்பா:
அடி, திருட்டு எதுவும் இல்லாமலும் இது நடக்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். என் மகளை யாரும் ஒரு சொல்கூடத் திட்டவில்லை. அவள் வந்து உட்கார்ந்ததும் பேச்சை நிறுத்துவார்கள். அவள் மட்டும் இல்லாத வாட்ஸ்அப் குழு ஒன்றை வைத்துக்கொண்டு, மறுநாள் அதில் வந்த நகைச்சுவைக்கு அவள் முன்னால் சிரிப்பார்கள். இதில் என்னவென்று புகார் கொடுப்பது? ஞாயிறு மாலையானால் அவளுக்கு வயிறு வலிக்கும், வெள்ளிக்கிழமை மாலை ஒருநாளும் வலித்ததில்லை என்பதை என் மனைவி கவனித்திராவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

பள்ளி ஆலோசகர்:
முதலில் ஒரு எச்சரிக்கை. பையன் சிறுநீரை அடக்குவதற்குக் கழிப்பறை அசுத்தமாக இருப்பதும் காரணமாகலாம். சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதே சமயம், ஆசிரியர் கண் படாத இடம் என்பதால் இத்தகைய தொல்லைகள் கழிப்பறையிலும் நடைவழியிலும் நடப்பது வழக்கம். ஓர் அறிகுறியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பல ஒன்றுசேர்ந்து, ஒரே காலத்தில் தொடங்கியிருந்தால் தயங்காமல் விசாரிக்க வேண்டும்.

"உன்னை யாராவது அடிக்கிறார்களா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். இடைவேளையில் எங்கே நின்றாய், பக்கத்தில் யார் இருந்தார்கள், எந்த இடத்துக்குப் போகப் பிடிக்காது என்று, முகம் பார்க்காமல் வேறு வேலையினூடே கேளுங்கள். தேதி, இடம், அவன் சொன்ன சொற்கள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். அந்த நால்வரின் பெற்றோரை நேரடியாக அழைக்க வேண்டாம். பெரும்பாலும் அது பெரியவர்களின் சண்டையாக மாறி, பழி குழந்தையின் தலையில் விழும்.

நால்வரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்றும் சொல்வேன். இத்தகைய கூட்டத்தில் தொடங்குபவன், துணைக்குச் சேர்பவன், நின்று சிரிப்பவன், ஒதுங்கிப் போகிறவன், பரிந்து பேசுபவன் என்று பாத்திரங்கள் உண்டு என்பதைப் பின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவல்லியும் அவருடைய குழுவினரும் 1996இல் விளக்கினார்கள். பள்ளி மைதானங்களில் நேரில் கவனித்து 2001இல் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், உடனிருந்த பிள்ளைகள் குறுக்கிட்ட தருணங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் தொல்லை 10 விநாடிக்குள் நின்றிருக்கிறது. ஆகவே தொடங்குபவன் யார் என்பதைவிட, நால்வரில் அரைமனதோடு சிரிப்பவன் யார் என்று ஆசிரியரைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

இருபிள்ளைத்தாய்:
அனைவருக்கும் நன்றி. மருத்துவரிடம் காட்டினோம், தொற்று இல்லை. நேற்று துணி மடித்துக்கொண்டே, "அவர்களுக்கு நீ என்ன பட்டப்பெயர் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, ஒரே காலுறையை மூன்று முறை மடித்துப் பிரித்தபடி, "நான் வைக்கக்கூடாதும்மா" என்றான். அந்தச் சொல்லைத் தேதி போட்டு எழுதிக்கொண்டேன். என் கணவரும் அதைக் கேட்டார். திங்கட்கிழமை வகுப்பாசிரியரைப் பார்க்க இருவரும் போகிறோம்.