சார்ஜ் ஏறாத டிரில் பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்கலாமா?

புது_டிரில்: அண்ணன்மாரே, 18 வோல்ட் லித்தியம் பேட்டரி நாலு மாசமா பரண்ல கிடந்துச்சு. இப்ப சார்ஜர்ல போட்டா சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னுது, ஏற மாட்டேங்குது. மீட்டர் வச்சா 12 வோல்ட். நல்ல பேட்டரியில இருந்து வயர் போட்டு ஜம்ப் கொடுக்கலாமா?

கரூர்_தச்சர்: தாராளமா கொடுங்க தம்பி. ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ், மைனஸுக்கு மைனஸ், ரெண்டே நிமிஷம். அப்புறம் சார்ஜர் ஏத்துக்கும். அஞ்சாறு பேட்டரிய இப்படித்தான் காப்பாத்தினேன். புதுசு வாங்க ஒரு நாள் கூலி பத்தாது.

மீட்டர்_பெஞ்ச்: வேண்டாம் தம்பி. உள்ளே அஞ்சு செல் வரிசையா இருக்கு. முழு சார்ஜ்ல ஒவ்வொண்ணும் 4.2, மொத்தம் 21. உங்க 12-ஐ அஞ்சால வகுத்தா 2.4 வரும், ஆனா அது சராசரிதான். நாலு செல் 2.8, ஒண்ணு மட்டும் 0.8-ன்னாலும் கூட்டினா 12 தான்! அவ்வளவு இறங்கின செல்லுக்குள்ள செம்புத் தகடு கரையும். திரும்ப ஏத்தும்போது அந்தச் செம்பு வேற இடத்துல படிஞ்சு உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். சார்ஜர் மறுக்குறது அதுக்குத்தான். ஜம்ப் வயர்ல 9 வோல்ட் வித்தியாசம், தடுக்க ஒண்ணுமில்ல. கரண்ட் தாறுமாறா பாயும்.

கரூர்_தச்சர்: என்கிட்ட ஒண்ணும் வெடிக்கலையே சார். மின்னினாலே செத்த பேட்டரின்னு தூக்கிப் போடச் சொல்றீங்களா? காங்கிரீட்ல துளை போட்டு கை சுடுற பேட்டரியும்தான் மின்னும். அரை மணி நேரம் நிழல்ல வச்சா தானா ஏறுது.

மீட்டர்_பெஞ்ச்: சூட்டு விஷயத்துல நீங்க சொல்றது முழுக்கச் சரி அண்ணே, நானும் முதல்ல அதைத்தான் பார்ப்பேன். ஆனா இது பரண்ல ஆறிக் கிடந்தது. போன வருஷம் ஒருத்தர் கொண்டு வந்தார்: ஜம்ப் கொடுத்து ரெண்டு தடவை நல்லா ஏறியிருக்கு. மூணாவது தடவை ராத்திரி சார்ஜர்லயே விட்டுத் தூங்கிட்டார். காலையில மூடி உருகி, நெயில் பாலிஷ் மாதிரி வாடை. பக்கத்துல ரம்பத்தூள் இருந்திருந்தா பட்டறையே போயிருக்கும். அதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

புது_டிரில்: சர்வீஸ்ல பிரிச்சுப் பார்த்தாங்க: 2.9, 2.9, 2.8, 2.9, கடைசி செல் 0.4. முனையில டேப் ஒட்டி மின்கழிவுல கொடுத்துட்டேன். அடுத்த பேட்டரிய பாதி சார்ஜ்லதான் எடுத்து வைப்பேன்.

கரூர்_தச்சர்: நான் ஜம்ப் கொடுத்ததுல மூணு இன்னும் ஓடுது. நாளைக்கே சர்வீஸ்ல கொடுத்து செல் செல்லா பார்க்கச் சொல்றேன். அதுவரைக்கும் சார்ஜர்ல போட மாட்டேன் சார்.